நாத்தம் அடங்கிய அறை

போன வருடம் ஆடிப்பெருக்குக்கு மறுநாள். நியூசிலாந்தில் அது குளிர்காலம். ஆக்லாந்தில் இருக்கும் மகளும் மாப்பிள்ளையும் என்னையும் மனைவியையும் ரோட்டோருவாவுக்கு அழைத்துப் போயிருந்தார்கள். ஏரிக்கரை ஊர். கரையோரப் புதர்களுக்கு நடுவே சேறு கொதிக்கிறது. சாலையோரச் சாக்கடை மூடியிலிருந்துகூட ஆவி எழும்புகிறது. ஊர் முழுக்க அழுகிய முட்டை நாற்றம்.

காரை விட்டு இறங்கியதும் மனைவி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

“ஏரோப்ளேன் ஏறி இம்மாந்தூரம் வந்தது, நம்மூரு நாத்தத்த மோந்து பாக்கவா மாப்ள?”

“இது கம்பெனி நாத்தம் இல்ல அத்த, பூமிக்குள்ளேர்ந்து வருது.”

“எங்கேர்ந்து வந்தா இன்னா, மூக்கு ஒண்ணுதான?”

அவள் பிறந்தது கடலூருக்குத் தெற்கே, ரசாயன ஆலைகளை ஒட்டிய கிராமம். அங்கே இந்த வாடை வந்தால் உடனே ஜன்னலைச் சாத்தி, இடுக்குகளில் ஈரத்துணி அடைப்பார்கள். சிதம்பரத்தில் வளர்ந்த எனக்கு, கல்யாணமாகிக் கடலூரில் குடியேறிய பிறகு அவள்தான் இதைப் பழக்கினாள்.

விடுதியில் சாவி கொடுத்த, அந்நாட்டுப் பூர்வகுடியான மாவோரிப் பெண்மணி, அறைச் சுவரிலுள்ள காற்றுத்துளையை எக்காரணம் கொண்டும் அடைக்கக் கூடாது என்று ஆங்கிலத்தில் சொன்னார். நாங்கள் மூவரும் தலையாட்டினோம். தலைவலியோடு நின்ற மனைவிக்கு அதை யாரும் தமிழில் சொல்லவில்லை.

அவளைப் படுக்கச் சொல்லிவிட்டு ஏரியைப் பார்க்கப் போனோம். திரும்பி வந்தபோது ஜன்னல்கள் சாத்தியிருந்தன. காற்றுத்துளையில் ஈரத்துண்டு திணித்திருந்தது. கட்டிலில் உட்கார்ந்திருந்தவள் என்னைப் பார்த்து, நாக்கு குழற, “நாத்தம் சுத்தமா அடங்கிடுச்சுங்க” என்றாள். அப்படியே சரிந்தாள்.

மகளின் அலறல் கேட்டு அந்தப் பெண்மணி ஓடிவந்தார். மனைவியின் அக்குளில் கைகொடுத்து, தூறலில் நனைந்த புல்தரைக்கு இழுத்துப் போனார். இவள் செருப்பை எடுக்க உள்ளே திரும்பிய என்னையும் சட்டையைப் பிடித்து நிறுத்தினார். ஆம்புலன்ஸ் வரும்வரை ஈரப்புல்லில் உட்கார்ந்து, இவள் தலையைத் தன் மடியில் வைத்திருந்தார்.

தரைக்கு அடியிலிருந்து கசியும் வாயு வெளியேற வழியில்லாமல் அறையில் தேங்கியிருக்கிறது. அது ஜாஸ்தியானால் முதலில் மூக்குதான் மரத்துப் போகும் என்றார் மருத்துவர். நாற்றம் அடங்கிவிட்டது என்று அவள் நிம்மதியாக உட்கார்ந்திருந்த நேரத்தில்தான் சாவு பக்கத்தில் வந்திருக்கிறது.

பிழைத்துவிட்டாள். ஆனால் மோப்பம் முழுதாகத் திரும்பவில்லை. குழம்பு தீய்வது தெரிவதில்லை. மல்லிகையை முகர்ந்துவிட்டு, “காயிதம் மாதிரி கீதுங்க” என்கிறாள். கடலூரில் மப்பான சாயங்காலங்களில் ஆலைப் பக்கமிருந்து காற்று திரும்பும்போது, ஜன்னல் கொக்கியில் கைவைத்தபடி, “வருதாங்க?” என்று என்னைக் கேட்கிறாள். “வரல” என்று சொல்கிறேன். ஆனால் வாடை இல்லை என்பதை நல்ல சேதியாக நம்புகிற துணிவு அன்றைக்குப் பிறகு எனக்கு வரவே இல்லை.