பாலனுக்குக் கூட்டிய கொட்டில்

எனக்கு ஏழு வயதாக இருந்தபோது வந்த நத்தாரை, அதுதான் கிறிஸ்மஸை, ஒரு சைவ வீட்டில் கொண்டாடினேன். கொண்டாடினேன் என்பது கொஞ்சம் கூடிப்போன சொல்தான். அம்மாவைப் பிள்ளைப்பேற்றுக்கு ஆஸ்பத்திரியில் மறித்து வைத்துவிட்டார்கள். அப்பா என்னைக் குருநகரிலிருந்து மோட்டார்சைக்கிளில் ஏற்றிவந்து, அச்சுவேலியில் அம்மாவின் தமையன் வீட்டில் இறக்கினார். "நத்தார் பூசைக்கு முதல் வந்து கூட்டிக்கொண்டு போவன். தம்பியோ தங்கச்சியோ, அதையும் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனவர்தான்.

அம்மா கிறிஸ்தவரை, வேதக்காரரைக் கட்டின கோபம் மாமா வீட்டாருக்கு நான் பிறந்ததோடு பாதி ஆறியிருந்தது. மாமாவும் அப்பாவும் அளந்துதான் கதைப்பார்கள். என்னிடம் ஒருவரும் முகம் கோணவில்லை. ஆனால் அது திருவெம்பாவைக் காலம். விடியமுன்னம் சங்கும் சேமக்கலமும் ஒழுங்கையால் போகும். வீட்டில் மீன் மச்சம் கிடையாது. கடற்கரைப் பிள்ளைக்கு வெறும் பருப்புச் சோறு இறங்குமா? மாமி நெய் விட்டுப் பிசைந்து ஊட்டிப் பார்த்தா. "கடல் தண்ணியிலை வளந்தது, உதுக்கு எவ்வளவு போட்டாலும் உப்புக் காணாது" என்று மாமாவிடம் சிரித்துச் சொன்னது எனக்கும் கேட்டது. சோறு பரவாயில்லை, எப்படியோ விழுங்கினேன். நத்தாரைப் பற்றிக் கதைக்க அந்த ஊரில் ஒரு ஆள் இல்லையே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மாட்டுக்கொட்டில் ஒன்றுக்குள் அங்கேதான் முதன்முதலாகக் கால் வைத்தேன். எங்கள் வேதக் கோயிலில் பாலன் யேசுவுக்குக் கட்டும் குடிலில் வைக்கோல் புதிதாக மணக்கும். அங்கே நிற்கும் சுதை மாடு இப்போதுதான் குளித்துவிட்டு வந்ததுபோல இருக்கும். மாமாவின் கொட்டிலிலோ மூத்திரம் தேங்கி, இலையான் மொய்த்து, மூக்கைப் பொத்தாமல் நிற்க ஏலாது. ஐயோ, இப்படியொரு இடத்திலா அந்தப் பச்சைப் பிள்ளையைக் கிடத்தினார்கள்? மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டர் "எங்களை மீட்க யேசு மாட்டுத் தொழுவத்தில் பிறந்தார்" என்று படிப்பித்தபோது, அது ஏதோ வசதியான இடமென்றல்லவா நினைத்திருந்தேன்!

யோசிக்க யோசிக்க எனக்கு ஒன்று தெளிவாகியது. ஊரில் கட்டுவதெல்லாம் பொய்க் கொட்டில், மெய்யான கொட்டில் இதுதான். ஆகவே பாலன் வருவதென்றால் இங்கேதான் வருவார். அவர் வருகிற வீட்டுக்கு அப்பா வராமல் விடுவாரா?

நத்தாருக்கு முதல்நாள் முழுக்கச் சாணி அள்ளினேன், கூட்டினேன், தண்ணீர் ஊற்றினேன். "விசரே பிள்ளை உனக்கு? மாடு திரும்பவும் போடுமெல்லே" என்று மாமி தலையில் கை வைத்தா. மாமாவோ நல்ல வைக்கோலாகப் பார்த்து ஒரு கட்டு இழுத்துத் தந்தார். அதை மாடு தின்னும் தொட்டியில் மெத்தென்று பரப்பி வைத்தேன்.

பொழுதுபட்டும் அப்பா வரவில்லை. மாமாவின் போன் அடித்தது. அவர் வளவின் மூலைக்குப் போய் நின்று கதைத்தார். அதன்பிறகு மாமி என்னைத் திட்டவேயில்லை, அதுவே எனக்குப் பயமாயிருந்தது. ஒரு பாட்டில்லை, ஒரு வெடியில்லை. உலகமெல்லாம் நத்தார் நடக்க, என்னை மட்டும் வெளியே விட்டுக் கதவைப் பூட்டிவிட்டார்கள் என்று நினைத்து அழுதபடியே தூங்கிப்போனேன்.

காலையில் அப்பா வந்தார். முகம் மழிக்கவில்லை, புதுச் சட்டையுமில்லை. நான் அவரைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்க் கொட்டிலைக் காட்டினேன். மாமி சொன்னது சரி, மாடு திரும்பவும் போட்டிருந்தது. அப்பா அந்தச் சாணிக்குள்ளேயே குந்திவிட்டார்.

"தம்பி பிறந்தவன், பிள்ளை. ஆனா இருக்கேல்லை. செத்துப்போனான். யேசுவிட்டைப் போயிட்டான்" என்றார். "பாதர் வரமட்டும் உயிர் நிக்காது எண்டு டொக்டர்மார் சொல்லிட்டினம். நான்தான் தண்ணி வார்த்து ஞானஸ்நானம் குடுத்தனான்."

எனக்கு அழுகை வரவில்லை. கோபந்தான் வந்தது. இந்தப் பெரியவர்களுக்கு ஒரு சின்ன விஷயம்கூட யோசிக்கத் தெரியாதா?

"யேசு இண்டைக்கு இஞ்சையெல்லே வாறார், அப்பா? தம்பி போற நேரம் அங்கை ஆர் நிப்பினம்? அவன் தனியவெல்லே நிக்கப்போறான்!"

எந்தக் காற்றுக்கும் கடலுக்குப் போய்வருகிற மனுசன், தொட்டியில் நெற்றியை முட்டிக்கொண்டு குழறி அழுதார். சத்தம் கேட்டு மாமா ஓடிவந்தார். திருநீறு பூசிய நெற்றியும் வெள்ளை வேட்டியுமாகக் கோயிலுக்குப் புறப்பட்டிருந்தவர், அப்படியே சாணிக்குள் அப்பாவுக்குப் பக்கத்தில் குந்தி அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அவரும் அழுதார்.

எனக்கு அதையெல்லாம் பார்க்க நேரமில்லை. கொட்டில் வாசலுக்கு ஓடிவந்து, அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு காவல் நின்றேன். பாலன் வந்தால் உள்ளே விடாமல், "கெதியாத் திரும்பிப் போங்கோ, அங்கை என்ரை தம்பி தனிய நிக்கிறான்" என்று சொல்லவேண்டும். வெயில் ஏறும்வரை நின்றேன். ஒருவரும் வரவில்லை. வருகிறவர் எனக்கு முதலே உள்ளே போய், அந்த இரண்டு பேருக்கும் நடுவில் சாணிக்குள் இருந்துவிட்டார் என்பது அந்த வயதில் எனக்கு எப்படித் தெரியும்?