சூடாமணி வைத்த பானை

2001-இல் நர்ஸ் ஏஜென்சி என்னை ஸ்ரீவராகத்தில் ஒரு வீட்டுக்கு அனுப்பியது. வாதத்தில் படுத்த அம்மா, கல்யாணம் ஆகாத ஒரே மகள். மகள் சூடாமணி அரசு ஊழியை, ஐம்பதை நெருங்கியவள்.

அம்மாவுக்குத் தன்னைத் தவிர வேறு பேச்சு கிடையாது. மகள் பரீட்சையில் தேறினால் அது அம்மாவின் மூளை. தவறினால் அப்பாவின் வம்சம். மகளைப் பெண் பார்க்க வந்தவர்களுக்கும் தானே பாடிக் காட்டினாராம்.

அப்படி வளர்ந்தவள் எதற்கெடுத்தாலும் "சாரி" சொல்வாள். சின்ன வயசிலிருந்தே அம்மா நடக்கும் சத்தத்தை வைத்தே அன்றைய கோபத்தை அளந்து பழகியவள். அந்தக் காதுதான் என்னைக் காப்பாற்றியது. "சிஸ்டர், உங்க நடை மாறியிருக்கே" என்று செருப்பைக் கழற்றச் சொன்னாள். சர்க்கரையால் மரத்த பாதத்தில் புண். லீவு போட்டு டாக்டரிடம் கூட்டிப்போனாள். இன்று இரண்டு காலில் நடக்கிறேன் என்றால் அவளால்தான்.

அடுத்த வருஷம் ஆற்றுகால் பொங்காலை வந்தது. தெருவில் பெண்கள் ஆளுக்கொரு அடுப்பு கூட்டிப் பொங்கலிடும் நாள். சூடாமணி எப்போதும் அம்மா பேரில் ஒரு பானைதான் வைப்பாள். சீக்கிரம் பொங்கினால் அம்மாவின் பக்தி. தாமதித்தால் மகளின் ராசி.

முந்தின நாள் கேட்டேன்: "உங்க பானை எங்க?"

"எனக்கெதுக்கு சிஸ்டர்? அம்மா வருத்தப்படுவா."

"அம்மாவ விடுங்க. உங்களுக்கு ஆசை இருக்கா?"

யோசித்தாள். யாரும் கேட்டிராத கேள்வி. "இருக்கு" என்றாள். உடனே சாலைக் கடைத்தெருவுக்குப் போய் ஒரு பானை வாங்கி வந்தேன்.

மறுநாள் அம்மாவின் கட்டிலருகே ஜன்னலில் நின்று பார்த்தேன். கோவிலிலிருந்து தீ அடுப்புக்கு அடுப்பு கைமாறி வந்தது. சூடாமணி வைத்த இரண்டில் அவளுடைய பானை முதலில் பொங்கியது. நுரை தெறித்ததும் பக்கத்து அடுப்புக்காரியிடம் மன்னிப்புக் கேட்டாள்.

"பொங்குறதுக்குத்தானம்மா வந்திருக்கோம்" என்று அவள் சிரித்தாள்.

பானைகளோடு உள்ளே வந்தவளிடம் அம்மா கேட்டார்: "என்னோடதுதானே முதல்ல பொங்கித்து?"

சூடாமணி என்னைப் பார்த்தாள். நான் விரிப்பை மடித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பதிலை நான் சொல்ல முடியாது.

"இல்லேம்மா. என்னோடது."

"அரிசியைக் கொறச்சுப் போட்டிருப்பே."

"ரெண்டுலயும் ஒரே அளவுதான்."

அம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். வழக்கமாக இந்த இடத்தில் சூடாமணி கட்டிலோரம் உட்கார்ந்து கெஞ்சுவாள். அன்று தட்டை எடுத்தாள், தன் பானையிலிருந்து இரண்டு கரண்டி போட்டுக்கொண்டாள், நின்றபடியே சாப்பிட்டு முடித்தாள். பிறகு இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டாள்.