பாலத்தைப் பார்த்த வாசல்

போன வருடம் வரைக்கும் எங்கள் ஊரில் சாகலாம், பிறக்க முடியாது. வீட்டுப் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்த கடைசி மருத்துவச்சி கண்ணை மூடிய பிறகு, வலி எடுத்தால் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி அக்கரை ஊருக்குத்தான் போக வேண்டும். ஆஸ்பத்திரி அங்கேதான். எங்கள் தெருவில் பம்பரமாய்ச் சுற்றுகிற பிள்ளைகள் அத்தனையும், பிறந்த ஊர் எது என்று கேட்டால் அக்கரையைச் சொல்லும். அக்கரைக்காரர்களுக்கு இதில் தனி ஆனந்தம். "உங்க ஊர்ல போறதுக்கு மட்டும்தான் வழியா, வர்றதுக்கு வழி இல்லையா?" என்று சந்தையில் கேட்பார்கள். நாங்கள் காது கேட்காததுபோல் காய்கறிக்குப் பேரம் பேசுவோம்.

அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் ஊர் இரண்டே தெரு. கிழக்குத் தெரு, மேற்குத் தெரு. இரண்டும் வடக்கில் தொடங்கி, தெற்கே ஆற்றங்கரை ரோட்டில் போய் முடியும். ரயில் நிலையம் வருகிறது என்றார்கள். எங்கள் பக்கம்தான் வர வேண்டும் என்று கிழக்கு சொன்னது, எங்கள் பக்கம் என்று மேற்கு சொன்னது. இரண்டு பேரும் மாற்றி மாற்றி மனுக் கொடுத்ததில் தண்டவாளம் ஆற்றுக்கு அந்தப் பக்கமாகவே போய்விட்டது. உயர்நிலைப் பள்ளி கதையும் இதுதான். ஆஸ்பத்திரி கதையும் இதுவேதான். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இங்கே கூத்தாடியும் அக்கரையான், பார்த்துக் கைதட்டியவனும் அக்கரையான்.

எனக்கு மேற்குத் தெருவில் தையல் கடை. ஊசிக்குத் தெரு கிடையாது என்பதால் கிழக்குத் தெருப் பெண்களும் வருவார்கள். அளவு கொடுத்து முடித்ததும் குரலைத் தாழ்த்தி, உங்கள் தெருவில் யார் என்ன தைத்தார்கள் என்று விசாரிப்பார்கள். நானும் சொல்லுவேன். கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவேன். மறுநாளே அதைவிடப் பெரிய கழுத்து வைத்துத் தைக்கச் சொல்லி இன்னொருத்தி வந்து நிற்பாள்.

இந்த ஊரில் இரண்டு தெருவுக்கும் பொதுவாக இருந்தவர் ஒரே ஆள், என் அக்காவின் வீட்டுக்காரர். அத்தான் அக்கரை ஊர்ப் பிறவி. அங்கே நூற்பாலையில் வேலை பார்த்தவர். எங்களுக்கு அப்பா இல்லாததால் வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தார். வந்த அன்று வைத்த பெயர்தான், இன்று வரைக்கும் 'அக்கரைக்காரர்'. மனுஷனுக்குத் தலை நரைத்து, பல் ஆடி, பெற்ற இரண்டு மகன்களும் வெளியூரில் வேலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் அவர் எங்களுக்கு அக்கரைக்காரர்தான். அவரும் லேசுப்பட்டவர் இல்லை. இத்தனை வருடமாக இந்த ஊர்ச் சோற்றைத் தின்றுகொண்டே, வாய் தவறிக்கூட நம்ம ஊர் என்று சொன்னதில்லை. எது பேசினாலும் "உங்க ஊர்ல" என்றுதான் ஆரம்பிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உட்கார்ந்திருக்கிற நாற்காலியே எங்கள் ஊர்த் தச்சன் செய்தது என்று குத்திக்காட்டுவேன். அதனாலதான் ஆடுது என்பார்.

அவர் தொழில் கார் ஓட்டுவது. பிள்ளைத்தாய்ச்சிகளை அக்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற கார். பின்சீட்டில் ரப்பர் விரிப்பு, அதன்மேல் வெளுத்த துணி, இரண்டு தலையணை. தலையணை உறை என் கைவேலை. பக்கத்தில் ஒரு வாளியில் சுத்தமான துண்டுகள் எப்போதும் மடித்து இருக்கும். கிழக்கோ மேற்கோ, யார் வந்து கதவைத் தட்டினாலும் பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிடுவார். ரோட்டில் நன்றாகவே ஓட்டுவார். பாலத்தின் நடுவுக்கு வந்தால் மட்டும் கார் ஊர ஆரம்பித்துவிடும். பின்னால் ஒருத்தி உயிர் போகிற வலியில் கத்திக்கொண்டிருப்பாள். இவர் நத்தையாய் நகர்த்துவார். நானே என் மகளைச் சுமந்துகொண்டு போனபோது அவரை அந்த இடத்தில் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டியிருக்கிறேன். காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை.

இப்படி இருக்கையில்தான் போன வருடத்துக்கு முந்தின வருடம் ஊருக்கு ஒரு யோகம் அடித்தது. சின்னதாக ஒரு பிரசவ ஆஸ்பத்திரி கட்டித் தருகிறோம், இடத்தை மட்டும் ஊர் கொடுக்கட்டும் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். மாத முடிவுக்குள் இடத்தைக் காட்டாவிட்டால் அதுவும் அக்கரைக்கே. கிழக்கு ஓர் இடம் காட்டியது, மேற்கு ஓர் இடம் காட்டியது. அவன் இடத்தில் இவன் பெண்டாட்டி பிள்ளை பெறமாட்டாளாம், இவன் இடத்தில் அவன் பெண்டாட்டி பெறமாட்டாளாம். பெறப்போகிறவர்களை யாரும் கேட்கவில்லை. கடைசியில் கண் போய் விழுந்தது அத்தானின் கார் கொட்டகைமேல்.

இரண்டு தெருவுக்கும் நடுவில், ஆற்றங்கரை ரோட்டை ஒட்டி ஒரு துண்டு நிலம். கிழக்கான் வாங்கினால் மேற்கான் விடமாட்டான், மேற்கான் வாங்கினால் கிழக்கான் விடமாட்டான் என்று நெடுநாள் கேட்பாரற்றுக் கிடந்ததை அத்தான் வாங்கித் தகரக் கொட்டகை போட்டிருந்தார். அதைக் கொடுத்துவிட்டால் கார் நிற்க இடம் இல்லை. ஆஸ்பத்திரி வந்துவிட்டால் கார் ஓட வேலையும் இல்லை. தன் சோற்றில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்கிற காரியம். ஆனால் அவர் கொடுக்காவிட்டால் எங்கள் ஊரில் இனி ஒரு குழந்தையும் பிறக்கப்போவதில்லை. அக்கரைக்காரன் எப்படிக் கொடுப்பான் என்று ஊரே பேசியது. நானும் அக்காவும் மட்டும் பேசவில்லை. எங்களுக்கு வேறொரு விஷயம் தெரியும்.

அக்காவுக்கு முதல் பிரசவம். நான் அப்போது பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். மதியம், அடை மழை. ஆஸ்பத்திரி அக்கரைக்குப் போய்ச் சேர்ந்து சில வருடங்கள் ஆகியிருந்தன, மருத்துவச்சியும் அதற்குள் கண்ணை மூடியிருந்தாள். ஊரில் இருந்தது ஒரே கார், கிழக்குத் தெரு அரிசி ஆலைக்காரர் வீட்டில். அந்த வாரம் பார்த்துத் தெருக் குழாய்க்காக இரண்டு தெருவுக்கும் அடிதடி. அத்தான் நனைந்துகொண்டே போய் அந்த வாசலில் நின்றார். நானும் கூடவே போனேன். ஆலைக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, டிரைவர் சாப்பிடப் போயிருக்கான் என்றார். டிரைவர் கார் பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தான். ஆலைக்காரரின் மகன், அப்போது வாலிபப் பிள்ளை, தூணோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். ஊரில் எல்லாவற்றுக்கும் அத்தான் அக்கரைக்காரர்; கார் கேட்டபோது மட்டும் மேற்குத் தெருக்காரர் ஆகிவிட்டார்.

தள்ளுவண்டியில் அக்காவைப் படுக்கவைத்துத் தார்ப்பாயைப் போர்த்தித் தள்ளிக்கொண்டு போனோம். பாலத்தின் நடுவில் குழந்தை பிறந்தது. பெண். அது அழவில்லை. அத்தான் அதைத் தலைகீழாகப் பிடித்தார், முதுகில் தட்டினார், வாயில் ஊதினார். அழவே இல்லை. என்னால் இன்றுவரை அந்த மழைச் சத்தத்தை மறக்க முடியவில்லை, மற்றபடி அங்கே வேறு சத்தமே இல்லாததால்.

அதற்குப் பிறகுதான் நூற்பாலை வேலையை விட்டார், வண்டி ஓட்டப் படித்தார், பழைய கார் ஒன்றை வாங்கினார். கிழக்கு என்றும் மேற்கு என்றும் பாராமல் எல்லாரையும் ஏற்றினார். ஆலைக்காரரின் மருமகளைக்கூட ஏற்றிப்போனார். ஊர் அவரைத் தங்கமான மனுஷன் என்றது. எனக்கென்னவோ அவர் ஊரை மன்னிக்கவே இல்லை என்றுதான் தோன்றும்.

இப்போது ஊர்த் தலைவராக இருப்பது அன்று தூணோரம் நின்ற அந்த மகன். நிலம் கேட்க அவர்தான் வர வேண்டியிருந்தது. நான் தலையணை உறை மாற்றக் கொட்டகைக்குப் போயிருந்தேன். அத்தான் காரின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். தலைவர் வெகுநேரம் ரோட்டைப் பார்த்தார், ஆற்றைப் பார்த்தார், பிறகு இந்த இடம் விஷயமாகப் பேச வேண்டும் என்று இழுத்தார். அத்தான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எடத்துக்காரர் சாப்பிடப் போயிருக்காரு," என்றார்.

தலைவர் முகத்தில் ஈ ஆடவில்லை. மறந்திருப்பார் என்று நினைத்தேன், மறக்கவில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தார், பிறகு செருப்பைப் பார்த்துக்கொண்டே போய்விட்டார். எனக்கு உள்ளுக்குள் இனித்தது. பொய் சொல்லுவானேன், வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் இனித்தது.

நடந்ததை அக்காவிடம் நான்தான் சொன்னேன். அவளும் ரசிப்பாள் என்று கையைக் காலை ஆட்டி நடித்துக் காட்டினேன். அக்கா சிரிக்கவில்லை. அக்கா அதிகம் பேசுகிறவள் இல்லை. அந்தப் பாலத்தைத் தாண்ட வேண்டி வந்தால் கண்ணை மூடிக்கொண்டுதான் தாண்டுவாள். அதைப் பற்றியும் யாரிடமும் பேசியதில்லை. அத்தான் சாப்பிட வந்து உட்கார்ந்ததும் சோற்றைப் பரிமாறினாள், தண்ணீர் வைத்தாள், பிறகு எதிரில் உட்கார்ந்தாள்.

"நம்ம பொண்ணு எந்த ஊர்ல பொறந்தான்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாதுங்க," என்றாள். "இந்தக் கரையும் இல்ல, அந்தக் கரையும் இல்ல. இனிமே பொறக்கறதுங்களுக்காவது ஒரு ஊர் இருக்கட்டும்."

அத்தான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். ரொம்ப நேரம் பிசைந்தார். அன்றைக்கு அந்த வீட்டில் யாரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

மறுநாள் தலைவர் வீட்டுக்கு அவரே போனார். அன்று நின்ற அதே வாசல். உள்ளே வரச் சொன்னார்கள், போகவில்லை. இடத்தைத் தருகிறேன், ஒரே ஒரு நிபந்தனை என்றார். கட்டடத்தின் வாசல் கிழக்கே பார்க்கக் கூடாது, மேற்கே பார்க்கக் கூடாது, பாலத்தைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும். ஏன் என்று கேட்டதற்குத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். தலைவர் சரி என்றதோடு நிறுத்தவில்லை. படி இறங்கி வந்து, அன்னைக்கு நான் வாயத் தொறந்திருக்கணும் என்றாராம். அத்தான் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்துவிட்டார்.

ஊர் சும்மா இருக்குமா? பார்த்தாயா, கடைசியில் தன் ஊரைப் பார்த்து வாசல் வைத்துக்கொண்டான் அக்கரைக்காரன் என்று இரண்டு தெருவும் ஒரே குரலில் திட்டின. எங்கள் ஊர் சரித்திரத்தில் கிழக்கும் மேற்கும் ஒற்றுமையாகச் செய்த முதல் காரியம் அத்தானைத் திட்டியதுதான். ஆனால் ஒருவரும் தடுக்கவில்லை. வாசல் தனக்குக் கிடைக்காவிட்டாலும் எதிர்த் தெருவுக்கும் கிடைக்கவில்லையே, அந்த நிம்மதி போதும் எங்களுக்கு.

கொட்டகையைப் பிரித்தார்கள், கட்டடம் எழுந்தது. ஆறு கட்டில், ஒரு டாக்டரம்மா, இரண்டு நர்ஸ். கார் சுற்றுச்சுவர் ஓரமாக வெயிலில் நின்றது. ஊர் அடுத்த சண்டைக்குத் தயாரானது: முதல் குழந்தை எந்தத் தெருக் குழந்தை? கிழக்கில் ஒருத்திக்கு நாள் நெருங்கியிருந்தது, மேற்கில் ஒருத்திக்கும் நெருங்கியிருந்தது. இரண்டு மாமியார்களும் மருமகள்களைக் கோழி அடைகாப்பதுபோல் காத்தார்கள். சீக்கிரம் வலி எடுக்கட்டும் என்று மேற்குத் தெருக்காரி மருமகளை மாடிப்படி ஏறி இறங்கச் சொன்னதாக என் கடையில் பேச்சு. ஏறச் சொன்ன மாமியார் என்னிடம் வந்து, கிழக்குத் தெருவில் என்ன நிலவரம் என்று விசாரித்துவிட்டுப் போனாள்.

ஆஸ்பத்திரிக்குத் திரைச்சீலை தைக்கிற வேலை எனக்கு. ஒரு காலை வேளையில் மாட்டுவதற்குப் போயிருந்தேன். மறுமுனையைப் பிடிக்க அக்காவும் வந்தாள். வேலை முடிந்து வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். எதிரே ரோடு, ரோட்டுக்கு அப்பால் பாலம். அக்கா அதைப் பார்க்காமல் மடியில் இருந்த நூல் பிசிறுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அப்போது அக்கரைக்குப் போகிற பஸ் பாலத்தில் ஏறப்போகிற இடத்தில் சடாரென்று நின்றது. கண்டக்டர் குதித்து எங்களைப் பார்த்து ஓடிவந்தார். பஸ்ஸுக்குள் ஓர் அக்கரைப் பெண். வெளியூரில் வேலை பார்த்துவிட்டுப் பிரசவத்துக்கு வீடு திரும்பிக்கொண்டிருந்தவள். வழியிலேயே வலி வந்துவிட்டது. பாலத்தைத் தாண்டும் வரைக்கும் தாங்காது என்று பஸ்ஸில் இருந்த கிழவி ஒருத்தி கத்தியிருக்கிறாள். திரும்பிப் பார்த்த டிரைவர் கண்ணில் பட்டது, பாலத்துக்கு நேர் எதிரே திறந்த வாசல்.

சுற்றுச்சுவர் ஓரம் காரைத் துடைத்துக்கொண்டிருந்த அத்தான், அதில் இருந்த வாளியை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் ஓடினார். அந்த வயதில் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. அந்தப் பெண்ணை இரண்டு பேராகத் தூக்கிக்கொண்டு வந்து உள்ளே சேர்த்தார்கள். பாலத்துக்கு முன்னால் கடைசியாக ஒரு கதவு வேண்டும் என்று அவர் நினைத்திருக்கிறார். எனக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. இத்தனை நாள் நானும்தான் ஊரோடு சேர்ந்து முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

சேதி பரவ எவ்வளவு நேரம்? கிழக்கும் மேற்கும் வாசலில் கூடிவிட்டன. எந்தத் தெரு, எந்தத் தெரு என்று முதலில் ஒரே ஆவல். அக்கரைப் பெண் என்று தெரிந்ததும் எல்லாருக்கும் சப்பென்று ஆகிவிட்டது. மாமியார்கள் இருவரும் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொண்டார்கள். அத்தான் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் சௌக்கியம் என்றார்.

இத்தனை வருஷம் கழித்துப் பிறந்ததும் அக்கரைப் பிள்ளையாகப் போய்விட்டதே என்று கூட்டத்தில் ஒருவர் அங்கலாய்த்தார்.

"இங்கதான பொறந்துச்சு," என்றார் அத்தான். "நம்ம ஊர்ப் பிள்ளதான்."

எனக்கு என் காதையே நம்ப முடியவில்லை. கூட்டத்தில் யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. அடுத்த குழந்தை எந்தத் தெரு என்று ஆரம்பித்திருந்தார்கள். நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் பெஞ்சிலிருந்து எழுந்திருந்தாள். நிமிர்ந்து, கண்ணைத் திறந்தபடியே பாலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தான் பக்கத்தில் வந்ததும் அவர் கையில் இருந்த ஈரத் துண்டை வாங்கிக்கொண்டாள்.

"அழுதுச்சா?" என்று கேட்டாள்.

"அழுதுச்சு," என்றார் அத்தான். "நல்லா அழுதுச்சு."