ஐஸ் கட்டாத ஃப்ரீசர்

எங்கள் தெருவில் என் மாமியாரின் ஃபிரிட்ஜுக்கு நல்ல பேர் உண்டு. திருவொற்றியூரில் ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ் வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் ஒரே புலம்பல்தான்: ஃப்ரீசரில் ஐஸ் பாறையாக ஏறிவிடுகிறது, கத்தியால் குத்தி எடுக்க வேண்டியிருக்கிறது. எங்கள் வீட்டில் அந்தத் தொல்லை கிடையாது. கைப்பிடிக்குத் துணியுறை, மேலே பூப்போட்ட விரிப்பு, ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம். வாரத்துக்கு ஒரு தடவை கதவு ரப்பரின் மடிப்பைக்கூட விரலில் துணி சுற்றித் துடைப்பார். பெற்ற பிள்ளைகளுக்கு இவ்வளவு செய்தாரா, தெரியாது. அந்த ஃப்ரீசரைப் பற்றி நானும் பக்கத்து வீட்டுப் பெண்களிடம் பெருமையடித்திருக்கிறேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

குழந்தை பிறந்து மூன்று மாதத்தில் வேலைக்குத் திரும்பினேன். எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் கான்ட்ராக்ட் வேலை. அதற்கு மேல் லீவு என்றால் என் நாற்காலியில் வேறு ஆள் உட்கார்ந்திருக்கும். கப்பலேறப் போகும் உறைந்த இறாலை வயிற்றில் வைத்துக்கொண்டு குளிர்பெட்டிகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றிலும் குளிர் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதுதான் என் வேலை. ஒரு பிளக் கழன்றால் போதும், அலாரம் அலறும், நாலு பேர் விழுந்தடித்து ஓடுவார்கள்.

என் மகள் எடை குறைவாகப் பிறந்தவள். ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர வேறு எதுவும் கொடுக்காதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் யார்டில் உடைந்த சாமான் போட்டு வைக்கும் அறையில், தாழ்ப்பாள் இல்லாத கதவுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்து, பம்பில் பால் எடுப்பேன். ஐஸ் போட்ட பிளாஸ்கில் வீட்டுக்குக் கொண்டுவந்து, சின்னப் பைகளில் ஊற்றி, ஃப்ரீசரில் தட்டையாகப் படுக்க வைப்பேன். நான் இல்லாத பகலில் அதை வெந்நீரில் இளக்கி மாமியார் கொடுப்பார். இளகியதை மறுபடி உறைய வைக்கவே கூடாது என்றும் சொல்லியிருந்தேன்.

"நாலு பெத்தவ நானு. எனக்கே சொல்லிக் குடுக்கிறியா?" என்றார்.

குழந்தைக்கு வயிறு கெட்டது. சரியாகும், மறுபடி கெடும். ஏற வேண்டிய எடை இறங்கியது. டாக்டர் பாட்டில் சுத்தமா, பம்ப் சுத்தமா என்று கேட்டார். எல்லாவற்றையும் கொதிக்கக் கொதிக்க வேகவைத்தேன். மாமியாரிடம் வேறு காரணம் தயாராக இருந்தது.

"வெயில்ல சுத்திகினு வர்றவ பாலு, சூட்டுப் பாலு. கொயந்தைக்கு எப்டி ஒத்துக்கும்?"

நானும் நம்பினேன். நண்டை விட்டேன், காரத்தை விட்டேன். வீட்டுக்கு வந்ததும் குளித்துவிட்டுத்தான் குழந்தையைத் தொட்டேன். என் உடம்பிலேயே ஏதோ விஷம் இருப்பதுபோல என்னையே வெறுத்தேன்.

ஒரு சனிக்கிழமை காலையில் ஃப்ரீசரைத் திறந்தபோது, தட்டையாக வைத்த பைகள் தட்டையாக இல்லை. பால் முழுவதும் ஒரு மூலைக்கு ஓடி அங்கேயே கட்டியாகியிருந்தது. நடுவில் இளகாமல் அப்படி ஆகாது. யார்டில் இது தெரியாதவர் இல்லை. வேலைக்குப் போனேன், மனம் நிலைகொள்ளவில்லை. அரை நாள் லீவு சொல்லிவிட்டு மத்தியானமே திரும்பி வந்தேன்.

மாமியாரின் தலைக்கு மேல் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. ஃபிரிட்ஜ் சத்தமில்லாமல் நின்றது.

"அத்தே, ஃபிரிட்ஜ் ஏன் ஆஃப்ல கீது?"

"நீ போனப்பறம் டெய்லி ஆஃப் பண்ணிடுவேன். நீ வரசொல்ல போட்ருவேன். ராவெல்லாம் ஓடிகினு கீதே, அதுக்கும் ரெஸ்ட் வோணாமா? அதாங்காட்டி ஐஸ் கட்டாம கீது. பாலும் தன்னால இளகிடுது, சுடுதண்ணி வேலை மிச்சம்."

அவர் முகத்தில் கள்ளம் இல்லை. பல வருடப் பழக்கம். காசிமேட்டு மீனை அன்றன்றைக்கு வாங்கி அன்றே குழம்பு வைப்பவர். மாவும் தயிரும் ஒரு பகல் தாங்கும். என் பால் வரும்வரை அந்த ஃபிரிட்ஜில் கெட்டுப்போக எதுவும் இருந்ததில்லை. அந்த வீட்டில் ரெஸ்ட்டைப் பற்றி யாராவது யோசித்தார்கள் என்றால், அது ஃபிரிட்ஜுக்காக மட்டும்தான்.

சாயங்காலம் கணவர் வந்ததும் சொன்னேன்.

"எனக்குத் தெரியுமே. அம்மா எப்பவும் பண்றதுதான். இதப் போயி பெருசு பண்றியே."

தெரியுமாம். குழந்தையை பைக்கில் வைத்து டோல்கேட் டாக்டரிடம் ஒவ்வொரு தடவையும் கூட்டிப்போனவரும் இவர்தான். சூட்டுப் பால் என்று அம்மா சொன்னபோது பக்கத்தில் உட்கார்ந்து டிவி பார்த்தவரும் இவர்தான். பாவம் ஓரிடம், பழி ஓரிடம். மாமியாரைக்கூட மன்னித்துவிடுவேன். இவரை மன்னிக்க இன்றுவரை என்னால் முடியவில்லை.

பைகளை எல்லாம் எடுத்து, ஒவ்வொன்றாக இளக்கி, பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றினேன். மாமியார் பதறி ஓடிவந்தார்.

"இன்னாமே பண்றே! சாக்கடைல ஊத்தாதே, கால் படாத எடமா பாத்து ஊத்து. இல்லாங்காட்டி பாலு வத்திப் பூடும்!"

அந்தப் பாலுக்காக அவர் பதறி அன்றுதான் பார்த்தேன். கடைசிப் பைவரை ஊற்றினேன்.

அதன் பிறகு ஃபிரிட்ஜ் பகலிலும் ஓடியது. ஆனால் எனக்குத் தூக்கம் போயிற்று, சோறு இறங்கவில்லை, வீட்டில் யாரோடும் பேச்சில்லை. யார்டில் அதே அறையில் உட்கார்ந்து பம்பைப் பிடித்தால் பாதி பாட்டில், பிறகு கால் பாட்டில், பிறகு அடியை நனைக்கும் அளவு. ஒரு நாள் அதுவும் நின்றது. பவுடர் பால் டப்பா வாங்கினோம். கடைக்குப் போய் வாங்கி வந்தவள் நானே.

மகளின் முதல் பிறந்தநாளுக்கு வியாசர்பாடியிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தார்கள். பாட்டிலைப் பார்த்துவிட்டு, ஏன் தாய்ப்பால் இல்லையா என்று ஒரு அத்தை கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார் முந்திக்கொண்டார்.

"அன்னிக்கே தலபாடா அட்சிகினேன், சாக்கடைல ஊத்தாதேன்னு. கேட்டாளா இவ?"

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என் கணவர் ஆமாம் என்று தலையாட்டினார்.