மெஷினுக்கு இரண்டு கைப்பிடி

காலையில் பனி விலகும் நேரம் மலைச்சரிவில் மெஷின் சத்தம் கேட்டால் எனக்கு அந்த அக்காவின் ஞாபகம்தான் வரும். எங்கள் தோட்டத்து லைன் வீட்டுக்கு அடுத்த வீடு. மகள் வெளியூரில். கணவர் இறந்தபிறகு தனியாக இருந்தார்கள். வாயைத் திறந்தால் சண்டைதான்.

தேயிலை வெட்டும் மெஷினை ஒரு ஆளால் பிடிக்க முடியாது. நிரைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர், செடிக்கு மேலே தூக்கிப் பிடித்து ஒரே நடையாகப் போக வேண்டும். ஒருவர் முந்தினால் கத்தி சாய்ந்து, கொழுந்தோடு குச்சியும் வந்துவிடும். அக்காவோடு யாரும் ஜோடி சேரவில்லை. ஜோடி இல்லையென்றால் வேலை இல்லை. வேலை இல்லையென்றால் வீட்டையும் விட வேண்டும். அக்காவோடு ஜோடி சேர முடியுமா என்று கங்காணி என்னிடம் வந்து கேட்டார். ஆண்டவரே, எனக்கு அவ்வளவு பொறுமை இல்லையே என்று அடுப்படியிலேயே நின்று ஜெபித்துவிட்டு, சரி என்றேன்.

“வந்துட்டா அல்லேலூயா!” என்றுதான் அக்கா என்னை வரவேற்றார்கள்.

நடக்கும்போது வாய்க்குள் ஜெபிப்பது என் பழக்கம். மெஷின் இரைச்சலில் குரல் கேட்காது, உதடு அசைவது மட்டும் தெரியும். நிரை முடிந்ததும் அக்கா மெஷினை அணைத்தார்கள்.

“என்னடி, என்னையத் திட்டுறியா?”

“இல்லக்கா, ஜெபம்.”

“யாருக்கு?”

“உங்களுக்குத்தான்.”

“எனக்கென்ன கேடு? உன் புருஷனுக்குப் பண்ணு லா. எந்நேரமும் இருமிக்கிட்டே கிடக்கான்.”

அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் சேர்த்தே ஜெபித்தேன். ஆனால் எல்லா நாளும் சிரிப்பாகப் போகவில்லை. அக்கா வேண்டுமென்றே மெஷினை இழுத்துக்கொண்டு ஓடுவார்கள். தோள் வலியோடு வீட்டுக்கு வந்து அழுதிருக்கிறேன்.

ஒருநாள் கங்காணி கோபமாக வந்தார். “கொழுந்துப் பை பூரா குச்சின்னு பேக்டரில ஏசுறாங்க. யாரு வேலைன்னு எனக்குத் தெரியும். நீ ஒரு வார்த்தை சொல்லும்மா, இந்தம்மாவ இன்னிக்கே நிறுத்திடுறேன்.”

அக்கா தலைகுனிந்து கத்தியில் ஒட்டிய இலையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

“ரெண்டு பேர் பிடிக்கிற மெஷின்ணே. குச்சி வந்தா ரெண்டு பேருக்கும் பங்குதான். நிறுத்துனா ரெண்டு பேரையும் நிறுத்துங்க” என்றேன்.

“அப்புறம் நான் யார வச்சு வெட்டுறது?” என்று கங்காணி முனகிக்கொண்டே போய்விட்டார்.

“பைத்தியமா உனக்கு? உன் வீடும்ல போயிருக்கும்!” என்று அக்கா சீறினார்கள்.

“போனா சேர்ந்தே போவோம்க்கா.”

அக்கா கயிற்றை இழுத்து மெஷினைக் கிளப்பினார்கள். அதற்குப் பிறகு இழுத்துக்கொண்டு ஓடவில்லை; வாய் மட்டும் பழைய வாய்தான்.

அந்தத் தீபாவளிக்கு ஒரு டப்பா முறுக்கோடு எங்கள் வாசலில் வந்து நின்றார்கள். சாமிக்குப் படைத்ததை நாங்கள் சாப்பிடுவதில்லை என்பது லைனில் எல்லோருக்கும் தெரியும்.

“படைக்கிறதுக்கு முன்னாடியே உங்களுக்குன்னு எடுத்து வச்சிட்டேன். பயப்படாம தின்னுங்க. என்ன பார்க்குற, பிடிடி!”

அக்கா தன் மகளோடு இருக்க ஈப்போவுக்குப் போகும்வரை வருஷாவருஷம் அந்த டப்பா தனியாக வந்தது. ஏச்சும் கூடவே வந்தது.