மூச்சு விட்டா வித்தாச்சு

ஐஸ் தண்ணி காலை நனைக்க, ரயிலண்ணன் ஏலம் விட்டுட்டு இருக்கார். மீன் சந்தையில அவருக்கு அந்தப் பேரு ஏன் வந்துச்சுன்னு கேக்கவே வேணாம். வாய் திறந்தார்னா நடுவுல ஸ்டேஷனே கிடையாது. விலை சொல்றது, வாங்குறவங்களைக் கிண்டல் பண்றது எல்லாம் ஒரே மூச்சுல. சுத்தியல், மணி எதுவும் கிடையாது. விலை ஏறுறது நின்னா மூச்சை இழுப்பார். அவ்வளவுதான், கடைசியா கேட்டவருக்குப் பெட்டி சொந்தம். "நான் மூச்சு விட்டா வித்தாச்சு"ம்பார் பெருமையா.

கொஞ்ச நாள் முன்னாடி வீட்டுல எல்லாருக்கும் சளி, காய்ச்சல். இவருக்கு மட்டும் இருமல் விடல. ஒருநாள் காலையில வலது நெஞ்சுல சுருக்குனு வலி, தோள் வரைக்கும். பெட்டி தூக்கினதுல பிடிச்சுக்கிச்சுன்னு தைலத்தைத் தேச்சுட்டு வேலைக்குப் போயிட்டார்.

அன்னைக்குப் படகுக்கார அக்காவோட பெட்டிங்க. நல்ல பெரிய மீன். பாதி ஏலத்துல அண்ணனுக்கு மூச்சு அறுந்துச்சு. உடனே ஒரு வியாபாரி பெட்டியை இழுத்துக்கிட்டார். வழக்கப்படி அது அவரோடது. அடுத்த பெட்டியும் அப்படியே அடிமாட்டு விலைக்குப் போச்சு.

அக்கா சத்தம் போடல. கிட்ட வந்து, "ஏம்ப்பா, இன்னைக்கு யாருக்காக மூச்சு விடுறே?"ன்னு மட்டும் கேட்டாங்க.

இத்தனை வருஷத்துல அவர் நாணயத்தை யாரும் சந்தேகப்பட்டதில்ல. பதில் சொல்லப் பார்த்தார், ரெண்டு வார்த்தைக்கு மேல வரல. உதடு நீலம் பாரிச்சிருந்துச்சு. அதைப் பார்த்ததும் அக்கா அவரை மீன் வண்டியிலயே ஏத்தி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க.

எக்ஸ்ரேயில வலது நுரையீரல் கசங்கின பை மாதிரி சுருங்கி ஓரமா கிடந்துச்சு. அதுலேருந்து கசிஞ்ச காத்து நெஞ்சுக்குள்ள அடைச்சுக்கிட்டு, அதை விரிய விடல. வைரஸ் சளியில இப்படி ஆகுறது ரொம்ப அபூர்வம்னார் டாக்டர். விலாவுல ட்யூப் போட்டு, மறுமுனையைத் தண்ணி பாட்டில்ல விட்டாங்க. காத்து குமிழ் குமிழா வெளிய வர்றதைப் பார்த்து அண்ணன் மனைவிகிட்ட முனகினார்: "பாரு, அது பாட்டுக்கு ஏலம் விடுது. கேக்கத்தான் ஆளில்ல."

வாயை மூடிட்டுப் படுங்கன்னு அதட்டிட்டு, அந்தம்மா முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க.

நுரையீரல் விரிஞ்சு, அண்ணன் இப்போ வேலைக்குத் திரும்பிட்டார். ஆனா தம் கட்டிக் கத்தக் கூடாதுன்னு டாக்டர் கண்டிஷன். அதனால சந்தையில புதுசா ஒரு ஏற்பாடு: அண்ணன் கையைத் தூக்கினா அது வெறும் மூச்சு, விற்பனை இல்ல.

வந்த அன்னைக்கு முதல் பெட்டியே அக்காவோடது. விலை ஏறுது, அண்ணன் கை ஏறல. ரோஷம். முகம் சிவக்குது, வார்த்தை இழுக்குது, வியாபாரிங்க பெட்டியையே பாத்துட்டு நிக்கிறாங்க.

கூட்டத்து நடுவுலேருந்து, அவருக்குப் பதிலா, அக்கா தன் கையைத் தூக்கினாங்க. ஒருத்தரும் பெட்டியைத் தொடல.