கண்மையும் மெழுகேறிய கம்பியும்

பழைய ஓவியங்களில் இருக்கும் கருப்பு, விளக்குக்கரியா காரீயமா என்று கண்டுபிடிப்பதுதான் தில்லியில் என் வேலை. கிராஃபைட் கம்பியின் நுனியில் துளிப் பொடியைத் தேய்த்து, கரைசலில் நிறுத்தி மின்சாரம் கொடுப்போம். வெறும் கரி என்றால் கணினித் திரையில் கோடு படுத்துக் கிடக்கும். காரீயம் இருந்தால் ஓரிடத்தில் எழும்பும்.

அன்று ஒப்பிட்டுப் பார்க்கச் சுத்தமான கரி தேவைப்பட்டது. ஆய்வகப் புட்டி காலி. கைப்பையில் என் ஒரு வயது மகளின் கண்மை இருந்தது. சரோஜினி நகர் நடைபாதையில் இரண்டு டப்பா வாங்கி, ஒன்றை வீட்டில் வைத்திருந்தேன். விளக்குக்கரி என்று சத்தியம் செய்துதான் கடைக்காரன் விற்றான். எண்ணெயைக் கழுவிவிட்டு, மிஞ்சிய பொடியைக் கம்பியில் தேய்த்தேன்.

கோடு எழும்பியது.

காரீயம் குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும் என்று ஆய்வகப் பயிற்சி வகுப்பில் நானே வாய் கிழியச் சொல்லியிருக்கிறேன். பக்கத்து மேசைத் தோழி எட்டிப் பார்த்தாள்.

"அரே, புரானா ராட் ஹை, பழைய கம்பி. நேத்து இதுலதானே லெட் டெஸ்ட் பண்ணீங்க?" என்றாள், இந்தியும் என்னிடம் கற்ற அரைகுறைத் தமிழுமாக.

உண்மைதான். கிராஃபைட்டில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு; மெழுகு ஏற்றி அவற்றை அடைப்போம். மெழுகு சரியாக ஏறாத கம்பி, முந்தின நாள் குடித்ததை மறுநாள் கக்கும். புதுக் கம்பி செய்துதான் தீர வேண்டும். வீட்டில் இரவுப் பணி முடிந்து வந்த கணவர் குழந்தையோடு இருந்தார். அவர் நர்ஸ். நிச்சயமாகத் தெரியாமல் அவரைக் கலவரப்படுத்த வேண்டாம் என்று போனை எடுக்கவில்லை.

உருகிய மெழுகில் புதுக் கம்பியைப் போட்டு, மூடி, பம்பால் காற்றை உறிஞ்சினேன். துளைகளிலிருந்து குமிழிகள் வந்தபடியே இருந்தன. அவை நின்றால்தான் மெழுகு முழுக்க ஏறியதாக அர்த்தம். எனக்குப் பொறுமை என்பதே கிடையாது. அந்தப் பாழாய்ப்போன குமிழிகளை வாய்விட்டுத் திட்டினேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சொல்லிக்கொண்டேன். அப்படியும் குழந்தை கண்ணைக் கசக்குவதும், அந்த விரலையே சப்புவதும் கண்முன் வந்து நின்றன.

மெழுகு இறுகியதும் நுனியைக் காகிதத்தில் தேய்த்து வழவழப்பாக்கினேன். முதலில் பொடி இல்லாமல் வெறும் கம்பியை ஓட்டினேன். கோடு படுத்துக் கிடந்தது. அந்தக் கணம் வரை எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை இருந்தது. பிறகு கண்மைப் பொடியைத் தேய்த்து ஓட்டினேன். அதே இடத்தில், முன்னைவிட உயரமாக எழும்பியது.

போன் செய்தேன்.

"பாப்பாவுக்கு மை வச்சீங்களா?"

"இப்பதாம்ளா குளிப்பாட்டி ரெண்டு கண்ணுக்கும் வச்சேன். டப்பாவ விடவே மாட்டேங்கா. வாயெல்லாம் அப்பிக்கிட்டு சிரிக்கா பாரு."